பன்னிரண்டு நாற்பது

நாலரைக்கு நாவாந்துறைச் சந்தியில்
நிரோஜாவின் ஸ்கூட்டி ஒருதரம் இருமி நிற்கும்.
கல்லுண்டாய் வெளியில் வளைவே இல்லை,
ஒளிந்துகொள்ள ஒரு பனையும் இல்லை.
இடப்பக்கம் கடல் விட்டுப்போன உப்புத்தரை,
வலப்பக்கம் மாநகரசபைக் குப்பை புகைந்தபடி.
அந்தப் புகை முடிகிற இடத்தில்தான்
எனக்கு இரண்டாவது மூச்சு கிடைக்கும்.
நிரோஜா கத்துவதில்லை.
ஹோர்ன் அடிப்பாள், இரண்டு தரம்.

இரண்டு தசம் நாலு கிலோமீற்றர்.
பெண்பிள்ளைகளுக்குப் பதின்மூன்று நிமிடம் தருவார்களாம்,
பன்னிரண்டுதான் என்று சிலர்.
நான் கஷ்டமானதை நம்பினேன்.
நேற்றுப் பன்னிரண்டு நாற்பது.
முந்தநாளும் பன்னிரண்டு நாற்பது.

வலை உலர்த்தும் சீமெந்துத் தரையில் தண்டால்.
மூக்கு இறங்கும் இடத்தில் செதிள் மணம்.
எக்காய், தெக்காய், துனாய்...
ஐஸ் லொறி ஓட்டும் சிலாபத்து நிமல் தந்த எண்கள்,
அவருடைய சிங்களத்தில் பாதி மீன்விலை.
பதினெட்டு வரை சுத்தமாக வரும்.
இருபத்திரண்டில் முழங்கை நடுங்கும்.
பிறகு எண்ணுவது நானில்லை,
இருபத்தெட்டு, இருபத்தொன்பது என்று
வயிற்றுக்குள்ளிருந்து எழும்புகிறது தமிழ்.
"அங்கை போய் இப்பிடி எண்ணாதை" என்கிறாள் நிரோஜா,
"ஒண்டையும் கணக்கிலை எடுக்கமாட்டாங்கள்."

அப்பா ஒன்றும் கேட்கவில்லை.
படிவம் வந்த கடித உறையை நாலாக மடித்து
ஆடுகிற மேசைக்காலுக்கு வைத்தார்.
அடுத்த கிழமை பூவரசில்
பழைய நங்கூரக் கயிறு தொங்கியது,
முழத்துக்கொரு முடிச்சோடு.
யார் கட்டியது என்று நானும் கேட்கவில்லை.

யேசுதாசன் மாமா மட்டும் கேட்டார்:
"ஆருக்காகப் பிள்ளை ஓடுறாய்?"
அவருடைய மகனின் படம் வாசலுக்கு மேல் இருக்கிறது,
மாலை போடவும் இல்லை, கழற்றவும் இல்லை.
பதில் யோசித்துக்கொண்டு ஓடினால் மூச்சுப் பிந்தும்.
அன்று பதின்மூன்று பத்து.

உயரம் ஐந்தடி இரண்டு வேண்டும்,
எனக்கு அரை அங்குலம் குறைவு.
ஆகையால் ஒவ்வொரு விடியலும்
மைதானத்துக் கோல் கம்பத்தில் தொங்குகிறேன்.
பந்தடிக்க வருகிற பெடியள்,
"அக்கா, உப்பிடியே நில்லுங்கோ,
எங்களுக்குக் கோலி தேவையில்லை."

படிவம் பைபிளுக்குள் இருக்கிறது.
பதினாலாம் கேள்வி, தழும்புகள்.
இடது கெண்டைக்கால் என்று எழுதிவிட்டேன்.
அடுத்த கட்டம், காரணம்.
ஐந்து வயது. மாத்தளன். ஒரு மத்தியானம்.
நெல்மணி அளவில் இன்னும் உள்ளே இருக்கிறது,
மழை வரப்போவதை வானொலிக்கு முன் சொல்லும்.
"சைக்கிளாலை விழுந்தது எண்டு எழுதன்."
எக்ஸ்ரேயில் சைக்கிள் தெரியாதே, நிரோஜா.
விபத்து என்று பென்சிலால் எழுதி
அழித்து, எழுதி, அழித்து, தாள் மெலிந்து
பின்பக்கத்துக் கையொப்பக் கோடு
இப்போது முன்னால் தெரிகிறது.
அந்தக் கட்டமும் அரை அங்குலம்தான்.

ஏன் சேர விரும்புகிறாய் என்று கேட்பார்களாம்.
மூன்று பதில் பாடமாக்கியிருக்கிறேன்,
சிங்களத்தில் ஒன்று, ஆங்கிலத்தில் இரண்டு.
மூன்றும் பொய்யில்லை.
நாலாவது ஒன்றும் இருக்கிறது:
எப்போதோ ஒரு சாவடியில்
என் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவளுக்கு
என் வயதுதான் இருக்கும்.
பார்வையில் கோபம் வந்தது எனக்கு, உண்மைதான்.
ஆனால் அவள் நின்ற விதம்,
அந்த முதுகு, ஊன்றிய இரண்டு கால்,
யாருக்கும் வழிவிடாத தோள்.
அப்படி நிற்க ஆசை வந்தது.
இதை எந்த மொழியிலும் வீட்டில் சொல்லமுடியாது.

இன்று எதிர்க்காற்று.
புகை வழமைக்கு முன்னமே முடிந்துபோனது.
கெண்டைக்கால் தன்பாட்டில் முனகியது,
நான் நிற்கவில்லை.
ஹோர்ன் சத்தத்தைக் காணோம் என்று கடைசியில் திரும்பினால்
ஸ்கூட்டி தூரத்தில், பெற்றோல் முடிந்து.
ஒரு கையால் அதைத் தள்ளிக்கொண்டு
மறு கையில் போனைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டியபடி
ஏதோ கத்திக்கொண்டு வருகிறாள் நிரோஜா,
கத்தாதவள்.

வெளிச்சம் தெரிகிறது.
எண் தெரியவில்லை.